பெரோவ்ஸ்கைட் எல்இடி: திறன் கூடிவிட்டது, ஆயுள் கூடுமா?

2024ஆம் ஆண்டு சீன விஞ்ஞானிகள் ஒரு எல்இடியைச் செய்து காட்டினார்கள். அதற்குள் அனுப்பிய ஒவ்வொரு 100 எலக்ட்ரானுக்கும் 32 ஃபோட்டான்கள் வெளியே வந்தன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான், ஆனாலும் கணக்கு கணக்குதான். பத்தே ஆண்டுகளுக்கு முன், 2014இல், கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃப்ரெண்டின் குழு இதே குடும்பத்துப் பொருளை அறை வெப்பநிலையில் பிரகாசமாக ஒளிரவைத்தபோது அந்த எண் 0.76ஆக இருந்தது. பச்சை ஒளியில் வெறும் 0.1. விளக்குத் தொழில்நுட்பத்தின் வரலாற்றில் இத்தனை வேகமாக ஏறிய பொருள் அபூர்வம்.

இந்தப் பொருளின் பெயர் பெரோவ்ஸ்கைட். அதைப் பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் சதவீதம் மட்டும்தான் இருக்கும். ரங்கூனில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படிக்கும் எனக்கு அது பாதிச் செய்தியாகவே படுகிறது. சூரத்தி பஜாரில் பல்ப் வாங்கப் போகிறவர் எத்தனை வாட் என்று கேட்ட கையோடு, எத்தனை நாள் தாங்கும் என்றும் கேட்பார். பெரோவ்ஸ்கைட் எல்இடி இன்னும் சரியான பதில் சொல்ல முடியாத கேள்வி அந்த இரண்டாவது கேள்விதான்.

நம் ஊரில் இது வெறும் ஆர்வத்துக்காகக் கேட்கும் கேள்வி இல்லை. 2015இல் உலக வங்கி 40 கோடி டாலர் கடன் கொடுத்து, 2030க்குள் பர்மா முழுக்க மின்சாரம் என்று திட்டம் போட்டார்கள். 2021க்குப் பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. ரங்கூனிலேயே பேட்டை பேட்டையாக முறை வைத்துத்தான் கரண்ட் வருகிறது. வந்ததும் தெரு முழுக்க “மீ லா பீ” (கரண்ட் வந்தாச்சு) என்று சத்தம் எழும். இல்லாத நேரத்தில் இன்வர்ட்டர், பேட்டரி. பெகு, தட்டோன், மோல்மீன் பக்கம் நம் தமிழ் ஜனங்கள் இருக்கும் கிராமங்களில் கூரைமேல் ஒரு சோலார் தகடு, கீழே ஒரு கார் பேட்டரி. பேட்டரியில் ஓடும் வீட்டில் ஒவ்வொரு வாட்டும் பிள்ளையின் அரை மணி நேரப் படிப்பு. அதனால் குறைந்த மின்சாரத்தில் அதிக ஒளி தரும் எதுவும் நமக்கு முக்கியம். அதே அளவுக்கு முக்கியம், அது மழைக்காலத்தைத் தாண்ட வேண்டும் என்பது.

சரி, இந்தப் பொருள் என்ன? 1839இல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தை ஜெர்மன் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து, ரஷ்யப் பிரபு லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்தார். அது கால்சியம் டைட்டானேட். இன்று விளக்குக்குப் பயன்படுத்துவது அந்தக் கனிமம் அல்ல, அதே அமைப்பில் அணுக்கள் அடுக்கப்பட்ட வேறு உப்புகள். ஓர் ஈய அணுவைச் சுற்றி ஆறு ஹாலைடு அயனிகள், அதாவது குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. இப்படிப்பட்ட எண்முகிகள், அதாவது எட்டு முகங்கள் கொண்ட உருவங்கள், மூலைக்கு மூலை ஒட்டி ஒரு கூண்டாகும். கூண்டின் நடுவில் சீசியம், அல்லது மெதில் அமோனியம், ஃபார்மமிடினியம் போன்ற சிறு கரிம அயனி உட்காரும்.

ஹாலைடை மாற்றினால் நிறம் மாறும். குளோரைடு ஊதாவுக்கு இழுக்கும், புரோமைடு பச்சை, அயோடைடு சிவப்பும் அகச்சிவப்பும். கலந்தால் இடைப்பட்ட நிறங்கள். வரும் நிறமும் மிகச் சுத்தமானது: சீசியம் ஈய புரோமைடு தரும் பச்சையின் அலைநீள அகலம் 20 நானோமீட்டர் அளவுதான். டிவி திரைக்காரர்கள் இதன்மேல் கண் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு கவர்ச்சி, செய்முறை. இன்று கடையில் கிடைக்கும் எல்இடிக்குள் இருப்பது கேலியம் நைட்ரைடு. செயற்கை நீலக்கல் தகட்டின்மேல், 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டில், வாயுக்களிலிருந்து அதை அடுக்கடுக்காக வளர்க்க வேண்டும். அதில் நீல ஒளியை வரவழைத்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரோவ்ஸ்கைட்டோ, உப்புகளைக் கரைப்பானில் கரைத்து, சுழலும் கண்ணாடித் தகட்டில் ஊற்றி, 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் தானே படிகமாகிவிடும். இத்தனை எளிதாக உருவாகும் படிகம் அதே எளிதில் சிதையவும் செய்யும். இதன் நன்மை, தீமை இரண்டுமே அந்த மென்மையிலிருந்து வருகின்றன.

எலக்ட்ரான் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, துளை எனப்படும் நேர்மின் காலியிடம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. இரண்டும் பெரோவ்ஸ்கைட் அடுக்கில் சந்தித்து இணையும்போது மிச்சமாகும் ஆற்றல் ஒளியாக வெளியேற வேண்டும். இதில் மூன்று இடங்களில் நஷ்டம் வரும். எலக்ட்ரானும் துளையும் சம எண்ணிக்கையில் வராமல் ஒன்று மிஞ்சிப்போவது முதலாவது. இரண்டும் சந்தித்தும் ஒளி வராமல் சூடாகிவிடுவது இரண்டாவது. பிறந்த ஒளி கண்ணாடிக்குள்ளேயே சிக்கி வெளியே வராமல் போவது மூன்றாவது. நான் மேலே சொன்ன 32 சதவீதம் இந்த மூன்று நஷ்டமும் போக மிஞ்சியது.

இரண்டாவது நஷ்டத்தில்தான் விஞ்ஞானிகள் அதிக காலம் செலவிட்டார்கள், பலனும் அங்கேதான் வந்தது. கரைசலிலிருந்து அவசரமாக உருவாகும் படிகத்தில் குறைகள் இல்லாமல் இருக்காது. சில இடங்களில் ஹாலைடு அயனி இருக்காது, அந்த இடம் காலி. அங்கே பக்கத்து ஈய அணு தன் துணையை இழந்து நிற்கும். படிகத் துகள்களின் மேற்பரப்பிலும், இரண்டு துகள்கள் முட்டிக்கொள்ளும் எல்லைகளிலும் இந்த மாதிரி ஈய அணுக்கள் ஏராளம். வழியில் போகும் எலக்ட்ரான் அங்கே மாட்டிக்கொண்டால், துளையோடு இணையும்போது ஒளி வராது, சூடுதான் வரும்.

மற்ற குறைக்கடத்திகளாக இருந்திருந்தால் இத்தனை குறைகளோடு துளிகூட ஒளிராது. பெரோவ்ஸ்கைட்டின் எலக்ட்ரான் அமைப்பில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. புரோமைடு, அயோடைடு படிகங்களில் பெரும்பாலான காலியிடங்கள் எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் ஆழ்குழிகளாக ஆவதில்லை, மேலோட்டமான பள்ளங்களாகவே நிற்கின்றன. அதனால்தான் இவ்வளவு மலிவான செய்முறையிலும் இவ்வளவு ஒளி. இருந்தாலும் மேற்பரப்புக் குறைகள் ஆழமானவை. அவற்றை ஒவ்வொன்றாக மூடிய கதைதான் 0.1 சதவீதத்திலிருந்து மேலே ஏறிய கதை.

முதல் பெரிய தாவல் 2015இல், தென்கொரியாவில். டே-வூ லீயின் குழு, படலத்தில் ஈயம் தனி உலோகமாகப் பிரிந்து நிற்பது ஒளியைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தது. புரோமைடு உப்பைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்தார்கள். படிகத் துகள்களையும் சிறிதாக்கினார்கள். பச்சை ஒளியில் திறன் 8.53 சதவீதத்துக்கு ஏறியது. துகளைச் சிறிதாக்கியதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய படிகத்தில் எலக்ட்ரானும் துளையும் ஒன்றை ஒன்று தேடாமல் விலகி அலையும். சின்ன அறைக்குள் அடைத்துவிட்டால் சந்திக்காமல் போக முடியாது.

அடைப்பதற்கு இன்னொரு வழியும் வந்தது. நீளமான கரிம அயனிகளைக் கலந்தால் பெரோவ்ஸ்கைட் மெல்லிய தகடுகளாகப் பிரிந்துவிடும். மிக மெல்லிய தகட்டில் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானும் துளையும் இணையும்போது மிச்சமாகும் ஆற்றலின் அளவு, பெரியது, கொஞ்சம் தடித்ததில் சிறியது. மெல்லியதில் விழுந்த ஆற்றல் தடித்த தகட்டை நோக்கி வழிந்தோடி, அங்கே குவிந்து ஒளியாகும். 2016இல் நான்ஜிங்கில் ஜியான்பு வாங், வெய் ஹுவாங் ஆகியோரின் குழு இந்த முறையில் அகச்சிவப்பில் 11.7 சதவீதத்தை எட்டியது. இதற்கு ஒரு விலை உண்டு. மின்னோட்டத்தைக் கூட்டினால் ஒரே தகட்டில் கூட்டம் நெருங்கி, ஓர் எலக்ட்ரானின் ஆற்றல் ஒளியாகாமல் பக்கத்து எலக்ட்ரானை உதைத்துத் தள்ளுவதில் வீணாகும். மங்கிய ஒளியில் நல்ல திறன், பிரகாசம் கூட்டினால் சரிவு. செய்தியில் வரும் உச்சத் திறன் எந்தப் பிரகாசத்தில் அளந்தது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

2018 அக்டோபரில் 20 சதவீத எல்லையை ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் தாண்டின. நான்ஜிங் குழு அமினோ அமிலம் ஒன்றைக் கலந்து 20.7ஐத் தொட்டது. அந்த அமிலம் குறைகளை மூடியதோடு, படிகங்களை மைக்ரோமீட்டருக்கும் சிறிய தனித்தனித் தகடுகளாக நிற்கவைத்தது. ஒளி அவற்றின் ஓரங்களில் சிதறி வெளியே தப்பியது. மூன்றாவது நஷ்டத்துக்கும் அப்படி ஒரு வழி கிடைத்தது. பச்சையில் ஹுவாச்சியாவ் பல்கலைக்கழகத்தின் ஜான்ஹுவா வெய் குழு 20.3 சதவீதத்தை எட்டியது. அவர்கள் பெரோவ்ஸ்கைட்டுக்கும் எலக்ட்ரான் வரும் அடுக்குக்கும் நடுவே மிக மெல்லிய அக்ரிலிக் பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து எலக்ட்ரானின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினார்கள். துளைகள் வந்துசேர அவகாசம் கிடைத்தது, முதல் நஷ்டம் குறைந்தது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 2022இல் டே-வூ லீ குழு செய்தது. பென்சைல் பாஸ்போனிக் அமிலம் என்ற பொருளைப் படிகமான படலத்தின்மேல் விட்டார்கள். அது பெரிய துகள்களுக்குள் ஊடுருவி, அவற்றை 10 நானோமீட்டர் அளவுள்ள குட்டித் துகள்களாகப் பிரித்தது. பிறகு ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் இருந்த ஈய அணுக்களோடு வலுவாகப் பிணைந்து ஓடுபோல மூடிக்கொண்டது. திறன் 28.9 சதவீதம், உச்சப் பிரகாசம் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 4,70,000 கேண்டலா. ஃபோன் திரை பொதுவாகச் சில நூறு கேண்டலா என்பதை வைத்து இதை எடைபோடலாம். அதைவிட முக்கியம், அதே சிகிச்சையில் ஆயுளும் கூடியது.

ஏன் முக்கியம் என்றால், திறன் ஒரு பிரச்சினை, ஆயுள் வேறொரு பிரச்சினை என்று பலரும் பிரித்துப் பேசுகிறார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். ஒளியைத் தின்னும் அதே காலியிடங்கள்தான் விளக்கையும் சாகடிக்கின்றன.

எப்படி என்று பார்ப்போம். பெரோவ்ஸ்கைட் ஓர் உப்பு. அதன் ஹாலைடு அயனிகள் இடத்தில் இறுக்கமாக அமர்ந்திருப்பதில்லை. கூட்டம் நிறைந்த ரங்கூன் பஸ்ஸில் ஒரு சீட் காலியானால் பக்கத்தில் இருப்பவர் அதில் நகர்ந்து உட்காருவார், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வருவார், கடைசியில் காலி சீட் பஸ்ஸின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போயிருக்கும். அயனியும் காலியிடத்தைப் பிடித்துப் பிடித்துத்தான் நகர்கிறது. காலியிடமே இல்லையென்றால் நகர வழியில்லை.

இப்போது மின்சாரத்தைக் கொடுங்கள். 3 வோல்ட்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 3 வோல்ட் விழுவது 50 நானோமீட்டர் தடிமனுள்ள அடுக்கின் குறுக்கே. மீட்டருக்கு 6 கோடி வோல்ட் என்ற கணக்கு. அவ்வளவு பலமான மின்புலத்தில் எதிர்மின் அயனிகள் ஒரு பக்கம் போய்க் குவிகின்றன, காலியிடங்கள் மறுபக்கம். குவிந்த இடத்தில் ஹாலைடு பக்கத்து அடுக்குகளுக்குள் கசிகிறது, மின்முனை உலோகத்தை அரிக்கிறது. விட்டுப்போன பக்கத்தில் ஈயம் மீண்டும் தனி உலோகமாகிறது. புதிய குறைகள் பிறக்கின்றன. குறை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் அயனி இன்னும் வேகமாக நகரும். இந்தச் சுழலில் மாட்டிய விளக்கு மெல்ல மங்காது, ஒரு கட்டத்துக்குப் பிறகு விழுந்துவிடும்.

இதே பொருளில் சோலார் செல்லும் செய்கிறார்கள். 2009இல் சுடோமு மியாசகா 3.8 சதவீதத்தில் தொடங்கிய பெரோவ்ஸ்கைட் சோலார் செல்கள் இன்று வணிகத் தயாரிப்பின் வாசலுக்கு வந்துவிட்டன. எல்இடி பின்தங்குவது ஏன்? செல்லின் அடுக்கு பத்து மடங்கு தடிமன், அதில் ஓடும் மின்னோட்டமும் குறைவு. எல்இடியில் அடுக்கு மெல்லியது, மின்புலம் கடுமை, பிரகாசத்துக்காகத் திணிக்கும் மின்னோட்டம் அதிகம். ஒரே உப்புதான், படும் பாடு வேறு.

சூடு தனியாகக் கவனிக்க வேண்டிய எதிரி. அடுக்குப் பெரோவ்ஸ்கைட்டில் மின்னொளியை ஜப்பானியர்கள் 1994இலேயே பிரகாசமாக வரவழைத்துவிட்டார்கள். ஆனால் திரவ நைட்ரஜன் குளிரில் மட்டும். அறை வெப்பநிலைக்குக் கொண்டுவர இருபது ஆண்டு ஆனது. அறை என்றால் எந்த அறை? ஆய்வகத்தில் 25 டிகிரி. 2024 ஏப்ரல் 28 அன்று நம் சௌக் நகரில் பதிவானது 48.2 டிகிரி. அந்த ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே தொங்கும் விளக்குக்குள் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சூட்டை வெளியே கடத்த நல்ல வழிகள் இருக்கின்றன. விளக்கு பொதுவாகக் கண்ணாடிமேல்தான் செய்யப்படுகிறது. கண்ணாடி சூட்டைக் கடத்துவதில் மோசம். அதற்குப் பதில் நீலக்கல் தகடு வைத்தால் முப்பது மடங்குக்கு மேல் வேகமாகச் சூடு இறங்கும். மோகோக்கில் தோண்டி எடுக்கும் அதே நீலக்கல்தான், ஆனால் இது உலையில் செய்தது, நிறமில்லாதது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து பார்த்து, பிரகாசமும் ஆயுளும் சேர்ந்தே கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள். ஒளிரும் பரப்பை மெல்லிய கோடாகச் சுருக்கினாலும் சூடு பக்கவாட்டில் பரவி இறங்கும். ஆனால் நீலக்கல் வைத்தால் மலிவு என்ற வாதம் கொஞ்சம் அடிபடும், அதையும் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஈரம். மே கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை ரங்கூனில் துணி காயாது. ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல், மோல்மீனில் அதைவிட மிக அதிகம். இந்தக் காற்று பெரோவ்ஸ்கைட்டுக்கு விஷம். நீர் மூலக்கூறு கூண்டுக்குள் நுழைந்து உப்பைப் பிரித்துவிடும். மெதில் அமோனியம் வைத்த படிகத்தில் அந்தக் கரிம அயனி வாயுவாகவே பறந்துபோகும். அதனால்தான் புதிய வடிவங்களில் சீசியமும் ஃபார்மமிடினியமும் இடம்பிடித்தன. அயோடைடு வைத்த சிவப்புப் படிகத்தில் இன்னொரு தொல்லை. சீசியம் அந்தக் கூண்டுக்குச் சற்றுச் சிறியது, கூண்டு தளர்ந்து அறை வெப்பநிலையிலேயே ஒளிராத மஞ்சள் வடிவத்துக்கு மாறிவிடும். ஈரம் பட்டால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அக்கம்பக்கத்து அடுக்குகளும் துரோகம் செய்யும். துளைகளைக் கொண்டுவர வெகுகாலமாகப் பயன்பட்ட ஒரு மின்கடத்தி பாலிமர் அமிலத்தன்மை கொண்டது, ஈரத்தையும் உறிஞ்சும். எலக்ட்ரானுக்கு வைக்கும் துத்தநாக ஆக்சைடு சில கரிம அயனிகளோடு வினைபுரியும். ஆகவே ஒளி அடுக்கை மட்டும் சரிசெய்தால் போதாது. இன்று பல குழுக்கள் இந்தத் துணை அடுக்குகளை மாற்றுவதிலேயே ஆயுளைக் கூட்டிவருகின்றன. கடைசியாக எல்லாவற்றையும் நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடி மூடி, ஓரத்தில் பிசின் பூசி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்து அடைப்பார்கள். வெளியீரத்தை இது தடுக்கும். உள்ளே நடக்கும் அயனி நகர்வை எந்த மூடியும் தடுக்காது.

இனி மணிக்கணக்கைப் படிப்பது எப்படி என்று பார்க்கலாம். ஆய்வுகளில் ஆயுள் என்பது பெரும்பாலும் பிரகாசம் பாதியாகக் குறைய ஆகும் நேரம். கடையில் வாங்கும் பல்புக்குக் கணக்கு வேறு, 70 சதவீதத்துக்குக் குறைந்தாலே ஆயுள் முடிந்தது என்பார்கள். அங்கேயே இரண்டு அளவுகோல்கள். 2018இன் பச்சை எல்இடிக்கு 100 கேண்டலா பிரகாசத்தில் பாதி ஆயுள் 100 மணி நேரம் அளவு. 2022இன் கொரிய எல்இடிக்கு 1,000 கேண்டலாவில் 520 மணி நேரம். தினமும் ராத்திரி ஐந்து மணி நேரம் எரித்தால் 104 இரவுகள். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் ஒரு மழைக்காலத்துக்கே போதாது.

அதே ஆய்வில் 100 கேண்டலாவில் 30,000 மணி நேரத்துக்கு மேல் என்ற எண்ணும் வரும். செய்திகளில் பெரிதாகப் போவது அதுதான். அது எரித்துப் பார்த்து அளந்தது அல்ல, கணக்கிட்டது. பிரகாசத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் ஆயுள் பத்து மடங்கு அல்ல, ஐம்பது மடங்குக்கு மேல் கூடும் என்று ஒரு விதியிலிருந்து வருவிக்கிறார்கள். ஃபோன் திரைகளில் வரும் ஆர்கானிக் எல்இடியில் (ஓஎல்இடி) பழகிய விதி. வேகமாக எரிக்கும்போது சாகும் அதே காரணத்தால்தான் மெதுவாக எரிக்கும்போதும் சாகும் என்ற அனுமானத்தில் அது நிற்கிறது. பெரோவ்ஸ்கைட்டில் அது எப்போதும் உண்மை என்று நம்ப முடியாது. நின்றுபோன விளக்கை ராத்திரி ஓய்வுக்கு விட்டால் அயனிகள் திரும்பி வந்து காலையில் கொஞ்சம் மீண்டும் ஒளிர்வதும் உண்டு. ஆக, செய்தியைப் படிக்கும்போது நான் மூன்றைத் தேடுவேன்: எந்தப் பிரகாசத்தில், எந்த வெப்பநிலையில், அளந்ததா கணக்கிட்டதா.

அகச்சிவப்பில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் டாவெய் டி, பாவ்டான் ஜாவ் குழு இருமுனை மூலக்கூறு ஒன்றால் அயனிகளைக் கட்டிப்போட்டு, குறைந்த மின்னோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் ஆயுள் மதிப்பிடத்தக்க எல்இடிகளை 2022இல் காட்டியது. பச்சை அடுத்த இடம். நீலம்தான் கடைசி. நீலத்துக்குப் புரோமைடோடு குளோரைடைக் கலக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் இரண்டும் பிரிந்து தனித்தனிப் பகுதிகளாகின்றன. புரோமைடு கூடிய பகுதி ஆற்றலைத் தன்பக்கம் இழுப்பதால் நீலமாகத் தொடங்கிய விளக்கு கொஞ்ச நேரத்தில் பச்சைக்குச் சாய்கிறது. குளோரைடு காலியிடங்கள் ஆழ்குழிகளும்கூட, முன்பு சொன்ன நல்ல குணம் அங்கே பலிப்பதில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. வீட்டு விளக்காக இது வருமா என்ற கேள்வி கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று. 32 சதவீதம் என்பதை நம் வீட்டுப் பல்போடு ஒப்பிட்டால் அது குறைவு. நல்ல நீல கேலியம் நைட்ரைடு எல்இடியின் திறன் 80 சதவீதத்தை ஒட்டியது. தட்டையான படலத்திலிருந்து ஒளி வெளியேறுவது கடினம், பெரோவ்ஸ்கைட்டின் ஒளிவிலகல் எண்ணும் பெரியது, பிறந்த ஒளியில் ஒரு சிறு பங்குதான் நேராகத் தப்பும். மீதியை அந்தப் படலமே மறுபடி உறிஞ்சி மறுபடி உமிழ்ந்து, அடுத்த முறை தப்பவிடும் என்பது இதன் தனிச் சிறப்பு. 30ஐத் தாண்ட அதுவும் உதவியது. ஆனாலும் நீலத்தில் கேலியம் நைட்ரைடோடு போட்டி போட இது பிறக்கவில்லை. அந்தப் பழைய பொருள் தடுமாறும் இடம் பச்சை, அங்கேதான் பெரோவ்ஸ்கைட்டுக்கு இடம் இருக்கிறது. ஃபோன் திரை, டிவி, கண்ணருகே அணியும் திரை என்று மெல்லிய, நிறச் சுத்தம் தேவைப்படும் இடங்களில் ஆர்கானிக் எல்இடியோடுதான் அதன் உண்மையான போட்டி. 2025இல் ஜெஜியாங் குழு 90 நானோமீட்டர் அகலமுள்ள ஒளிப்புள்ளிகளைச் செய்து காட்டியதும் அந்தத் திசையில்தான். மின்சாரமே பாய்ச்சாமல், நீல எல்இடியின் ஒளியை வாங்கிப் பச்சையாக மாற்றும் படலமாக வைத்தால் மின்புலத் தொல்லை முழுக்க ஒழியும். கடைக்கு முதலில் வருவது அந்த வடிவம் என்பது என் கணிப்பு.

ஈயத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பர்மாவுக்கு ஈயம் புதிதல்ல. வட ஷான் மாநிலத்தில் நம்து பக்கத்து பாட்வின் சுரங்கம் ஒரு காலத்தில் உலகின் பெரிய ஈயம், வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்று. பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவருக்கே அதில் பங்கு இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 50 நானோமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் பெரோவ்ஸ்கைட் படலத்தில் உள்ள ஈயம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது 55 அங்குல டிவியைவிடப் பெரிய பரப்பு. மூலையில் இருக்கும் பேட்டரியிலோ பத்து கிலோ அளவு ஈயம். ஆனால் பேட்டரி ஈயம் கனத்த தகடுகளாக மூடிய பெட்டிக்குள் கிடக்கிறது, பழசைக் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் வருகிறது. பெரோவ்ஸ்கைட் ஈயம் தண்ணீரில் சிதைந்து கரையும் உப்பு. குப்பையில் வீசிய திரை உடைந்து, மழையில் நனைந்தால் அது மண்ணுக்குப் போகும், அதைத் திரும்பப் பொறுக்க யாரும் இல்லை. ஐரோப்பிய விதிப்படி மின்னணுப் பொருளின் ஒரே சீரான எந்தப் பகுதியிலும் ஈயம் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சீசியம் ஈய புரோமைடு படலத்தில் அது 36 சதவீதம்.

ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் வைக்கலாம். தவாயிலும் கயா மாநிலத்து மாச்சியிலும் வெட்டி எடுத்த அதே வெள்ளீயம்தான். பழைய குண்டு பல்பின் இழைக்கான டங்ஸ்டனும் அதே சுரங்கங்களில்தான் கிடைத்தது. வேதியியலில் வெள்ளீயம் ஈயத்தின் நேர் தம்பி, ஆனால் காற்றைத் தாங்காது. இரண்டு மின்சுமையில் இருக்க வேண்டியது ஆக்சிஜன் பட்டதும் நான்காக மாறிவிடும், மாறிய ஒவ்வொரு அணுவும் ஒரு குறை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மங்களைக் கலந்து அகச்சிவப்பில் முன்னேறியிருக்கிறார்கள், ஈயத்தை எட்ட இன்னும் தூரம் இருக்கிறது.

சோலார் தகடுகளுக்கு ஒரு சர்வதேசச் சோதனை உண்டு. 85 டிகிரி சூடு, 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் அந்த அறைக்குள் வைத்து எடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டும். பர்மாவில் கூரைமேல் ஏறும் நல்ல தகடுகள் இந்த மாதிரிச் சோதனையைத் தாண்டி வந்தவை. பெரோவ்ஸ்கைட் எல்இடி ஆய்வுகளில் ஆயுள் பெரும்பாலும் நைட்ரஜன் பெட்டிக்குள்ளோ, மூடி அடைத்து 25 டிகிரியிலோ அளக்கப்படுகிறது. அடுத்த சாதனைச் செய்தியில் சதவீதத்துக்குப் பக்கத்தில் அந்த 85-85 சோதனை முடிவும் வந்தால், அதை நான் முழுச் செய்தியாக எடுத்துக்கொள்வேன்.